சிக்னலுக்காக நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்?

“சொரி சேர், இங்க கவரேஜ் இல்ல.” “சொரி மெடம், கரண்ட் போயிட்டு.” “சொரி சேர், சத்தம் விட்டு விட்டுக் கேக்குது, திரும்ப ஒருக்கா சொல்லுங்க சேர்.”

தங்கச்சி, ஒன்லைன் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்துக்குள் இந்த மூன்றையும் சொல்லிவிடுகிறாய். கொழும்பில் ஒரு குளிரூட்டிய அறையில் இருந்து ஒருவர் கேள்வி கேட்கிறார். பதில் உனக்குத் தெரியும். இரவெல்லாம் படித்த பதில்தான். ஆனால் உன் குரல் அவருக்குத் துண்டு துண்டாகப் போகிறது. அவருடைய முகம் திரையில் உறைந்து நிற்கிறது. நீ மன்னிப்புக் கேட்கிறாய், குரலைத் தாழ்த்துகிறாய், அடுத்த கேள்விக்குத் தெரிந்த பதிலையும் தெரியாதவள் போலச் சொல்கிறாய். அழைப்பு முடிந்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து, “எனக்குப் பேசத் தெரியல” என்று அம்மாவிடம் அழுகிறாய்.

உனக்குப் பேசத் தெரியும். உன் பேச்சைக் கொண்டுபோக வேண்டிய அலைதான் வரவில்லை. இந்த இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாய். இன்றோடு அதைப் பிரித்து வை.

நோர்வூட், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, சாமிமலைப் பக்கத்துத் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எழுதவில்லை. ஆறுதலை இருநூறு வருடமாகக் கேட்டுவிட்டோம்.

முதலில் உன் கையிலிருக்கும் போன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள். போன் பேசுவது வானொலி அலையில். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், மேடு பள்ளத்தை ஓரளவு சமாளிக்கும். 1800, 2100, 2600 என்று மேலே போகப் போக அலை அதிகத் தரவைச் சுமக்கும். ஆனால் மலை குறுக்கே நின்றால் அதைச் சுற்றி வளைந்து வரும் வலு குறையும். கோபுரம் மலையின் அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கத்து லயம் நிழலில் கிடக்கும். வெயிலுக்கு நிழல் விழுகிற மாதிரியேதான் அலைக்கும் விழுகிறது. இதற்கு மேல் உன் வீட்டுக் கூரை தகரம். தகரம் வானொலி அலையைத் திருப்பி அடிக்கும். இஸ்தோப்பில் இரண்டு கோடு காட்டுகிற போன் காம்பராவுக்குள் போனதும் செத்துப்போவது அதனால்தான். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு மலையிலிருந்தும் டவுனிலிருந்தும் எல்லோரும் வீடு திரும்பி, அத்தனை பேரும் அந்த ஒரே கோபுரத்தில் தொங்கும்போது, உள்ள வேகமும் பங்கு பிரிந்து போகிறது.

இதில் எந்த இடத்திலாவது உன் குற்றம் இருக்கிறதா? தேடிப் பார். மலை இருக்கிறது, தகரம் இருக்கிறது, அலைவரிசை இருக்கிறது. கோபுரம் எங்கே நிற்க வேண்டும் என்று வரைபடத்தில் புள்ளி வைத்த ஒருவருடைய தீர்மானம் இருக்கிறது. ‘இந்தப் பக்கம் போட்டால் எவ்வளவு ரீலோட் விழும்?’ என்ற வியாபாரக் கணக்கு இருக்கிறது. உன் திறமை இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

“மலைநாடுதானே, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு பதில் வரும். நம்பாதே. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் மேடையேறிப் பேசினார். அந்தப் பேச்சு அங்கிருந்தே உலகத்துக்கு நேரடியாகப் போனது. அன்றும் இதே மலைதான் நின்றது, மலைக்கு மேலே இதே வானம்தான் இருந்தது. வேண்டும் என்று தீர்மானித்தபோது நோர்வூட்டிலிருந்து படமும் சத்தமும் கடல் தாண்டிப் போயின. ஆகவே தடை மலையில் இல்லை, தீர்மானத்தில் இருக்கிறது. தீர்மானம் என்பது மனிதர்கள் எடுப்பது. மனிதர்களிடம் கேட்கலாம், அவர்களை மாற்றவும் வைக்கலாம்.

உன் ஊரின் ஆற்றையே எடுத்துக்கொள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெசல்கமு ஓயா நோர்வூட்டைத் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்தத் தண்ணீர்தான் 1965இல் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலியைச் சுற்றுகிறது. அங்கிருந்து இறங்கிப் பழைய லக்சபானவிலும் மின்சாரம் தருகிறது. நம் காலடியில் ஓடிய தண்ணீர் கொழும்புக்கு விளக்கேற்றியது. அதன் கரையோர லயங்கள் பலவற்றில் அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள்தான் உன் பாட்டன் பாட்டிமாரும் அவர்களுடைய பிள்ளைகளும். மின்சாரம் பிறக்கும் இடத்தில் இருட்டு இருந்ததற்கு அவர்கள் யாரிடமும் ‘சொரி’ சொல்லவில்லை. நீ ஏன் சொல்கிறாய்?

அந்த மின்நிலையத்துக்குப் பெயர் தந்த டி. ஜே. விமலசுரேந்திரவின் கதையை நம் பாடசாலைகளில் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த மலைகளின் நீர்வீழ்ச்சியால் நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று அந்தப் பொறியியலாளர் 1918இலேயே கணக்குப் போட்டு, பொறியியல் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். வெள்ளைக்கார அதிகாரம் முகம் கொடுக்கவில்லை. 1924இல் வேலை தொடங்கியது, 1927இல் நின்றது. அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலில் நின்று, இரத்தினபுரியிலிருந்து உறுப்பினராகி, அதே கணக்கை அங்கே கொண்டுபோனார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கட்டுரை படித்த நாளிலிருந்து 32 வருடம்! சுதேச மனிதன் ஒருவனின் கணக்கு என்று தள்ளிவைத்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அவர் பெயர் அணைக்கட்டின் பக்கத்தில் நிற்கிறது. அவரிடம் இருந்தது கோபம் மட்டுமா? கோபத்தோடு கணக்கும் இருந்தது. எத்தனை அடி வீழ்ச்சி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சக்தி என்று தாளில் எழுதி வைத்திருந்தார். கோபம் மட்டும் இருந்தவர்களை அதிகாரம் சமாளித்துவிடும். கணக்கோடு வந்தவரைக் காத்திருக்க வைக்க முடிந்ததே தவிர, பொய்யாக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடின. திறப்பதும் மூடுவதுமாக அடுத்த வருடமும் போனது. பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவயில் ஆசிரியரும் பிள்ளைகளும் சிக்னல் தேடிக் காட்டுப் பாதையில் நடந்து, பாறைக்கு மேல் ஏறிப் படித்ததை 2021இல் உலகப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. நம் தோட்டங்களிலும் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கும் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கும் ஏறினார்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோனால் பின்னேரம்தான் கிடைக்கும். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1000 ரூபா ஆனதே 2021 மார்ச்சில்தான். கழிவுகள் போகக் கையில் வருவதில் அரிசி மா வாங்குவதா, ஸ்மார்ட் போன் வாங்குவதா, டேட்டா போடுவதா?

அந்தப் படங்களைப் பார்த்து “என்ன விடாமுயற்சி!” என்று கை தட்டியவர்கள் பலர். நான் தட்டவில்லை. மழையில் வழுக்கும் பாறையில், அட்டை கடிக்க, பத்து வயதுப் பிள்ளை ஏறியதை நான் சாதனையாகக் கொண்டாட மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் உறுதியை வணங்குகிறேன். ஆனால் அவர்களை அங்கே ஏற்றிய நிலைமையை வணங்க முடியாது. தன்னம்பிக்கை என்று எழுதுகிற பலர், “நீ பாறை மேல் ஏறு, எல்லாம் சரியாகும்” என்று முடித்துவிடுகிறார்கள். பாறையில் ஏறியவனுக்கு, ‘ஏன் என்னை ஏற வைத்தீர்கள்?’ என்று இறங்கி வந்து கேட்கும் தைரியமும் வேண்டும். அந்தத் தைரியம் இல்லாத தன்னம்பிக்கை பாதித் தன்னம்பிக்கைதான்.

போன் இணைப்பு என்பது படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் உள்ள விசயம் என்று இன்னும் நினைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூலையில் எரிபொருள் வாங்க கியூஆர் வந்தது. போன் இலக்கம் இல்லாதவருக்குப் பதிவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பம் ஒன்லைனில். பரீட்சைப் பெறுபேறு ஒன்லைனில். வங்கி அனுப்பும் ஓடிபி அறுபது விநாடியிலோ இரண்டு நிமிடத்திலோ காலாவதியாகும். இங்கே அது சில நாள் ஏழு நிமிடம் கழித்து வந்து சேர்கிறது. மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் இப்போது போன் வழியாக வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உடைத்துப் போட்டபோது, வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே அறுந்தன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் விடிய விடியக் காத்திருந்தவனிடம் போய், இணைப்பு ஆடம்பரம் என்று சொல்லிப் பார்.

நம் ஆட்களுக்கு இது புதிய கதையும் இல்லை. லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது. வெளியிலிருந்து வரும் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்தில் வந்து விழும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்பினால்தான் லயத்துக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கையில் கிடைத்த அண்ணன்மார் எத்தனை பேர்! அவர்கள் தோற்றுப்போனவர்கள் என்று ஊர் சொன்னது. அவர்கள் தேர்வுக்கே போகவில்லை, போக விடப்படவில்லை. அன்று கடிதம் நின்ற இடத்தில் இன்று உன் ஓடிபி நிற்கிறது. அந்த அண்ணன்மார் வாயை மூடிக்கொண்டு மலைக்குப் போனார்கள். நீ அப்படிப் போகக் கூடாது.

தொடர்பை அறுத்து வைத்தால் தொழிலாளியை அடக்கி வைக்கலாம் என்று துரைமாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அந்த நாட்களில் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் போட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் அச்சடித்தார், 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கத்தைத் தொடங்கினார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். எழுத்துத் தெரியாத சனத்துக்குப் பிரசுரத்தால் என்ன பயன் என்று அவர் மனைவி மீனாட்சியம்மாள் தயங்கவில்லை. பாட்டாகக் கட்டினார், கூட்டங்களில் பாடினார், பாட்டுப் புத்தகங்களாகவும் போட்டார். எழுத்து எட்டாத லயத்துக்குப் பாட்டு எட்டியது. கோபுரமும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் சேதி மலைக்கு மலை தாவியது. நீ அந்தப் பெண்ணின் வாரிசு. உனக்கு நெட்வேர்க் கிடையாது என்று சொல்ல யாருக்குத் துணிவு?

அண்மைய வருடங்களுக்கு வா. 2018 ஒக்டோபர் 24. ஆயிரம் ரூபா நாள் சம்பளம் கேட்டுக் கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டார்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற பிள்ளைகள். அவர்களைக் கூட்டியது பெரிய கட்சியின் லொறி இல்லை. கையில் இருந்த போன், பேஸ்புக், ஒருவர் அனுப்பி மற்றவர் பகிர்ந்த சேதி. அரைகுறைச் சிக்னலிலும் அரைகுறை டேட்டாவிலும் அதைச் செய்தார்கள். முழுச் சிக்னல் இருந்தால் இந்தச் சமூகம் என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்!

சரி, இப்போது உன்னைக் கேட்கிறேன். கோபுரம் அவர்கள் கையில். உன் கையில் இருப்பதை நீ ஒழுங்காகப் பிடித்திருக்கிறாயா?

உன் மின்னஞ்சலை யார் திறந்து தந்தது? டவுனில் கொமினிகேசன் கடை அண்ணன். கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அவரிடம்தான், அவருடைய கொப்பியில், உன் பெயருக்குப் பக்கத்தில் நீல மையால் எழுதிய ஒரு வரியாக. போன் மாற்றியதும் பழைய மின்னஞ்சல் திறக்கவில்லை என்று அவரிடமே ஓடுகிறாய், அவர் இன்னொன்று திறந்து தருகிறார். வேலைக் கடிதம் பழையதற்குப் போய்க் கிடக்கிறது. அந்த அண்ணன் நல்லவர், உனக்கு உதவி செய்தார், அதில் ஐயமில்லை. ஆனால் தோட்டத்துக் காரியாலயத்தில் கடிதம் கிடந்த காலத்துக்கு நீயே உன்னைத் திருப்பிக் கொண்டுபோகிறாய். இன்றைக்கே போ. உன் மின்னஞ்சலை நீயே திற, கடவுச்சொல்லை நீயே மாற்று, மீட்பு இலக்கமாக உன் சொந்த இலக்கத்தைப் போடு. தெரியாவிட்டால் உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேள். கேட்பதில் குறைச்சல் எதுவும் இல்லை. உன் வாசல் சாவியை இன்னொருவர் கையில் விட்டு வைப்பதுதான் குறைச்சல்.

போன் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் பார்க்காதே. *#06# அழுத்து, 15 இலக்கம் வரும். ‘ஐஎம்இஐ’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு அனுப்பு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா இல்லையா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன் கடையில் நின்றபடியே இதைச் செய். பில்லை வாங்கு. உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும் விழுந்த பிறகுதான் படி இறங்கு. ஆறு மாதக் கொழுந்துக் காசில் வாங்கிய போன் ஆறு வாரத்தில் பழுதாகி, பில் இல்லாமல் கடை வாசலில் கெஞ்சி நிற்கிற அப்பாக்களைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது. பில் இருந்தால் கெஞ்ச வேண்டியதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 1977க்கு எடுத்து முறையிடலாம்.

போட்ட ரீலோட் ஒரே இரவில் காணாமல் போகிறதா? கேட்காத பாட்டுச் சேவை, பலன் சொல்லும் சேவை ஏதாவது உன் இலக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து நிறுத்து. எப்படி நிறுத்துவது என்று நிறுவனத்துக்கே எடுத்துக் கேள். தமிழுக்குரிய இலக்கத்தை அழுத்தித் தமிழிலேயே பேசு. தடுமாறுகிற ஆங்கிலத்தில் கெஞ்சும்போது உன்னை விரட்டுவது சுலபம். தெளிவான தமிழில் திகதியும் நேரமும் தொகையும் சொல்லிக் கேட்கிறவளை விரட்டுவது கஷ்டம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் போனை வைக்காதே.

வீட்டில் ரவுட்டர் இருந்தால் அலுமாரிக்கு மேல் பூச்சாடிக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்காதே. தகரத்துக்குக் கீழே எங்கே வைத்தாலும் அது திணறும். கோபுரம் எந்தத் திசையில் என்று கண்டுபிடித்து அந்தப் பக்கத்து ஜன்னலில் வை. போனின் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பகுதியில் சிக்னலின் உண்மையான அளவு டிபிஎம் என்ற கணக்கில் இருக்கும், கழித்தல் குறியோடு. 4ஜியில் -85க்குப் பக்கம் இருந்தால் நல்லது. -115 என்றால் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். மேலே தெரிகிற கோடுகளை நம்பாதே. போனுக்குப் போன் அந்தக் கோடு மாறும். எண்ணைப் பார்.

அந்த எண்ணை எழுதி வை. இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு அப்பியாசக் கொப்பி எடு. திகதி, நேரம், இடம், எந்த வலையமைப்பு, எத்தனை டிபிஎம், கரண்ட் இருந்ததா இல்லையா. மேல் லயத்துப் பையன் அவன் இடத்தில் எழுதட்டும். கீழ்ப் பிரிவுத் தங்கச்சி அவள் இடத்தில் எழுதட்டும். பாடசாலை வாசலில் ஒன்று, கோவிலடியில் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது கோபுரங்களின் பற்றரியும் இறங்கிப்போனது. அதை அன்று யாரும் தோட்டம் தோட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆகவே யாரிடமும் காட்ட முடியவில்லை. ஒரு மாதம் முடியும்போது உன் கையில் ஒரு வரைபடம் இருக்கும். எந்த நிறுவனத்திடமும் அமைச்சிடமும் இல்லாத வரைபடம், லயம் லயமாக. “இங்கே கவரேஜ் சரியில்லை சேர்” என்பது முறைப்பாடு. “எங்கள் பிரிவில் ஏழு இடத்தில் முப்பது நாள் அளந்தோம், இதோ” என்பது சாட்சி. விமலசுரேந்திர செய்ததும் இதுதான்.

தனியாளாகவும் வெல்லலாம் என்பதற்குக் கேரளத்தில் ஓர் உதாரணம் உண்டு. கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் பின்னேரம் ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மாணவிகள் போனைக் கையளித்துவிட வேண்டும் என்று விதி. ஒரு மாணவி மறுத்தாள். விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவள் நீதிமன்றம் போனாள். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு விடுதி மாணவி! அவளுக்குப் பின்னால் எந்தப் படையும் இருக்கவில்லை. பத்து மணி வரை தன் படிப்பு நிற்கக் கூடாது என்ற பிடிவாதம் இருந்தது. அதே மாநிலத்தில் 2023 ஜூனில் அரசே கே-போன் என்ற இணைய வலையைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவதாக இறங்கியது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பெரிய கம்பெனிகள் வர மறுத்த கிராமங்கள் 2011இல் தாங்களே சங்கம் அமைத்தன. விவசாயிகள் தங்கள் வயல்களைத் திறந்துவிட்டார்கள், சனம் மண்வெட்டி எடுத்துக் கான் வெட்டியது, கண்ணாடி இழைக் கம்பி புதைத்தது. நாட்டின் நகரங்களுக்கே கிடைக்காத வேகம் அந்தக் கிராமங்களுக்குக் கிடைத்தது. கான் வெட்டுவதை நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? இந்த மலைநாட்டின் வீதியை வெட்டியது யார், ரயில் பாதைக்குக் கல் சுமந்தது யார்? நம் ஊரில் நிலம் கம்பெனியுடையது, அனுமதி வேறிடத்தில், சட்டம் வேறு மாதிரி. லங்காஷயரை அப்படியே தூக்கி வந்து இங்கே வைக்க முடியாது, தெரியும். ஆனால் கேட்டவர்கள் சாதாரணக் கிராமத்துச் சனம் என்பதை நினைவில் வை.

இலங்கைக்கு மொபைல் போன் பிந்தி வந்ததும் இல்லை. 1989இல், தென்னாசியாவிலேயே முதலாவதாக இங்கேதான் தொடங்கியது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க்கும் வந்துவிட்டது. வானத்திலிருந்தே இணையம். ஆனால் அதன் விலையும் மாதக் கட்டணமும் தோட்டத்து வீடு தாங்குகிற ஒன்றல்ல. ஒரு பாடசாலை, ஒரு வாசிகசாலை, ஒரு கோவில் சபை சேர்ந்து எடுத்தால் ஒரு பிரிவுக்கே வழி பிறக்கலாம். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டச் சேர்கிற காசு பிள்ளைகளின் படிப்புக்கும் சேரும், பேச ஒருவர் எழும்பினால். அந்த ஒருவர் நீயாக இருக்கக் கூடாதா?

ஆனாலும் நம் காசைப் போட்டுச் சமாளிப்பது ஒரு பக்கம்தான். நீ போடுகிற ஒவ்வொரு ரீலோட்டிலும் அரசு வரி எடுக்கிறது. கோடு ஒன்று காட்டுகிற போனுக்கும் அதே வரிதான். ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற பெயரில் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கிராமப்புறங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. அதில் நம் தோட்டங்கள் எங்கே? இதைக் கேட்க உனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டத்தரணி தேவையில்லை, தலைவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. தமிழில் எழுதலாம்; அது சலுகை இல்லை, அரசியலமைப்பு தந்த உரிமை. 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் தருகிறாரா மறுக்கிறாரா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஆகவே, அளந்த கொப்பியை மேசையில் வை. தாள் எடு, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்கு எழுது. நோர்வூட் பிரதேச செயலகப் பிரிவில் இப்போது எத்தனை கோபுரம் இயங்குகிறது என்று கேள். எந்தெந்தத் தோட்டப் பிரிவுகள் 4ஜி கிடைக்காதவையாக ஆணைக்குழுவின் பதிவில் இருக்கின்றன என்று கேள். கிராமப்புறத் திட்டத்தில் நுவரெலியா மாவட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, மிச்சக் கோபுரங்களுக்குக் குறித்த திகதி என்ன என்று கேள். மின்வெட்டின்போது கோபுரம் எத்தனை மணி நேரம் பற்றரியில் இயங்க வேண்டும் என்று அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா என்று கேள். பதிவுத் தபாலில் அனுப்பு, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டு. பதில் வந்து சேர வேண்டிய முகவரியில் தோட்டத்தின் பெயரோடு நிறுத்திவிடாதே. பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம், உன் முழுப் பெயர், மூன்றையும் தெளிவாக எழுது.